ஓவர்குளொக் செய்த கொம்பியூட்டர் எழும்பவில்லையா? முதலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

ஓவர்குளொக் என்றால் புரொசெசரையோ ரேமையோ கொம்பனி வைத்த வேகத்துக்கு மேலே ஓடவிடுவது. பயோஸில், அதாவது மதர்போட்டின் செற்றிங் திரையில், புரொசெசரின் வேகத்தைத் தீர்மானிக்கிற மல்டிபிளையர் என்ற பெருக்கெண்ணை 46 ஆக்கி, எஃப்10 அமத்தி, சேவ் பண்ணட்டுமா என்று கேட்டதற்கு ஆம் என்றும் சொல்லியாயிற்று. ஃபான் எல்லாம் சுற்றுகிறது, கீபோட் லைற்கூட எரிகிறது, ஆனால் மொனிற்றர் கறுப்பாகவே கிடக்கிறது. ஒரு நிமிடம் பார்த்தாயிற்று, இரண்டு நிமிடம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நெஞ்சு எப்படி இடிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதுவும் கொழும்பில் இருந்து பஸ்ஸில் பார்சல் போட்டு எடுத்த புரொசெசர் என்றால் சொல்லவே தேவையில்லை.

அந்தரப்பட வேண்டாம். வேகத்தைக் கூட்டிப் போட்டதால் மட்டும் புரொசெசர் எரிந்துபோவதில்லை. அந்த வேகத்தில் வேலை செய்ய அதற்குக் கிடைக்கிற வோல்டேஜ் காணாது, கணக்குப் பிழைக்கிறது, அதனால் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். புரொசெசரைப் பழுதாக்குவது அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜும் அதோடு சேர்ந்து வருகிற சூடும். ஆகவே நீங்கள் வேகத்தை மட்டும் மாற்றியிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒன்றும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் பெட்டிக்குள் 1.25 என்று அடிக்க வேண்டியதை 1.52 என்று மாறி அடித்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் மட்டும் உடனே சுவிச்சை நிப்பாட்டுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம், நேரே கீழே சிமோஸ் (பயோஸ் செற்றிங் சேமித்திருக்கிற இடம்) அழிக்கிற பகுதிக்குப் போங்கள்.

மற்றவர்கள் முதலில் செய்யவேண்டியது பொறுத்திருப்பது. இதைத்தான் கனபேர் செய்வதில்லை. ரேமின் வேகத்தையோ டைமிங்கையோ தொட்டிருந்தால் மதர்போட் அடுத்த முறை எழும்பும்போது ரேமோடு பேசிப் பழகிப் பார்க்கும், மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். டிடிஆர்4 என்ற பழைய வகை ரேம் போடுகிற பலகைகளில் இது சில செக்கன்களில் முடிந்துவிடும். டிடிஆர்5 ரேம் போட்ட, ஏஎம்5 என்ற ஏஎம்டி பலகைகளில் முதல் தடவை சில நிமிடம் எடுக்கும், ரேம் அதிகம் போட்டிருந்தால் பத்து நிமிடம்கூடப் போகும். அவ்வளவு நேரமும் திரை கறுப்புத்தான். இடையில் பொறுமை இழந்து சுவிச்சை நிப்பாட்டினால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும். மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் விடுங்கள், போய் ஒரு பிளேன்ரீ போட்டுக்கொண்டு வாருங்கள். இப்போதைய பலகைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை தாங்களே நின்று எழும்பி, சரிவராவிட்டால் பழைய பாதுகாப்பான செற்றிங்குக்கு இறங்கி, ஓவர்குளொக் தோல்வி, எஃப்1 அமத்துங்கள் என்று திரையில் எழுதிக்காட்டும். அப்படி வந்துவிட்டால் உங்கள் பிரச்சினையில் பாதி முடிந்தது.

எந்த லைற் எரிகிறது?

பத்து நிமிடம் போயும் ஒன்றும் வரவில்லையென்றால் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். மதர்போட்டில், அநேகமாக ரேம் சிலொட்டுகளுக்குப் பக்கத்து ஓரத்தில், கடுகளவு நாலு எல்ஈடி லைற் வரிசையாக இருக்கும். பக்கத்தில் சிபியு, டீரேம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எழும்பும்போது இவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்தில் வேலை தடைப்பட்டிருக்கிறது. நிறம் பலகைக்குப் பலகை மாறும், ஆகவே நிறத்தை நம்பாமல் எழுத்தை வாசியுங்கள். விலை கூடிய பலகைகளில் இரண்டு இலக்கக் குறியீடு காட்டும் சின்னத் திரை இருக்கும், அதன் அர்த்தம் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

போன வருடம் கொக்குவிலில் இருந்து மருமகன் இரவு பத்தரைக்குப் போன் எடுத்தான். "மாமா, புரொசெசர் செத்துப்போச்சு போல கிடக்கு." குரல் அழுகிற மாதிரி இருந்தது. எந்த லைற் எரியுது என்று கேட்டேன். போனின் ரோச்சைப் போட்டுக்கொண்டு மேசைக்குக் கீழே போனவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ரேமுக்குப் பக்கத்தில மஞ்சளா ஒன்று எரியுது, டீரேம் எண்டு போட்டிருக்கு" என்றான். அப்படியென்றால் புரொசெசர் நிற்கவில்லை, ரேமில்தான் நிற்கிறது என்று சொன்னேன். விசாரித்துப் பார்த்தால், ஒரே நேரத்தில் மல்டிபிளையரையும் கூட்டி, எக்ஸ்எம்பி புரொஃபைலையும், அதாவது ரேமுக்குள் எழுதி வருகிற கூடிய வேகச் செற்றிங்கையும், போட்டு ரேமை 3600க்கு ஏற்றியிருக்கிறான், அதுவும் இரண்டு வேறு பெட்டிகளில் வாங்கிய நாலு ரேம் குச்சிகளில். எக்ஸ்எம்பி, ஏஎம்டி பக்கத்தில் எக்ஸ்போ, இரண்டும் ஓவர்குளொக்தான் என்பது கனபேருக்குத் தெரியாது. பெட்டியில் 3600 என்று அச்சடித்திருப்பது அந்த ஒரு தொகுதி ரேமுக்கு மட்டும்தான். நாலு குச்சி போட்டால் புரொசெசரில் இருக்கிற மெமரி கொன்ட்ரோலருக்குச் சுமை கூடும், வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். அவன் கூட்டிய மல்டிபிளையரில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

சிபியு லைற்றில் நின்றால் மல்டிபிளையர், கோர் வோல்டேஜ் அல்லது பேஸ் குளொக் (மல்டிபிளையரால் பெருக்கப்படுகிற அடிப்படைத் துடிப்பு) பக்கம் பாருங்கள். ரைசன் 3000, 5000 வரிசை என்றால் இன்ஃபினிட்டி ஃபப்ரிக் என்ற, புரொசெசரின் உட்பகுதிகளை இணைக்கிற பாதையின் வேகத்தையும் பாருங்கள், ஏனென்றால் டிடிஆர்4 3600க்குச் சரிசமனாக அது 1800 மெகாஹேர்ட்ஸில் ஓடவேண்டும். 1800 பெரும்பாலானவற்றில் ஓடும், 1900 சிலவற்றில் ஓடும், அதற்கு மேல் அந்தப் புரொசெசரின் அதிர்ஷ்டம். விஜிஏ லைற் என்றால் நீங்கள் உள்ளே கைவைத்தபோது கிராஃபிக்ஸ் காட் அசைந்துவிட்டதா என்று பாருங்கள். பேஸ் குளொக்கை 100இல் இருந்து கூட்டியிருந்தாலும் இப்படி வரும், ஏனென்றால் பல பலகைகளில், முக்கியமாக 2011இல் வந்த இன்டெலின் இரண்டாம் தலைமுறையில், கிராஃபிக்ஸ் காட் பூட்டுகிற பிசிஐ எக்ஸ்பிரஸும் ஹாட்டிஸ்க் பூட்டுகிற சாட்டாவும் அதே துடிப்பில்தான் ஓடுகின்றன. நாலைந்து கூட்டினாலே ஹாட்டிஸ்க் காணாமல் போகும். இதற்கு என் ஆலோசனை ஒன்றுதான்: பேஸ் குளொக்கைத் தொடவே வேண்டாம்.

சிமோஸ் அழிப்பது

பயோஸுக்குள்ளேயே போக முடியவில்லையென்றால் செற்றிங்கை வெளியில் இருந்துதான் அழிக்க வேண்டும். இதை ஆறுதலாகச் செய்யுங்கள். சுவரில் சுவிச்சை நிப்பாட்டி, பவர் சப்ளையின் வயரையே கழற்றிவிடுங்கள். யூபிஎஸ் போட்டிருக்கிறவர்கள் கவனம், சுவரில் கரண்ட் நின்றாலும் யூபிஎஸ் கொடுத்துக்கொண்டிருக்கும். பிறகு பெட்டியின் பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்திப் பிடியுங்கள், கொண்டென்சர்களில் மிச்சம் இருப்பது இறங்கிவிடும். சிலவேளை ஃபான் அரைச்சுற்று அசைந்து நிற்பதைக் காணலாம்.

பலகையில் சிஎல்ஆர் சிமோஸ், ஜேபேட்1, சிஎல்ஆர்டிசி என்று ஏதாவது எழுதிய இடத்தில் இரண்டு அல்லது மூன்று கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு முனை என்றால் ஸ்குறூட்ரைவரின் நுனியால் இரண்டையும் சேர்த்து ஒரு பத்து செக்கன் தொடுங்கள். மூன்று முனையும் ஒரு தொப்பியும் இருந்தால் தொப்பியைக் கழற்றி மற்றப் பக்கத்து இரண்டில் போட்டு, பத்து செக்கன் விட்டு, மறக்காமல் பழைய இடத்தில் பூட்டுங்கள். பக்கத்தில் வேறு முனைகளும் இருக்கும், யூஎஸ்பிக்குப் போகிறவை, ஃபானுக்குப் போகிறவை, ஆகவே எழுத்தை ரோச் அடித்து இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தொடுங்கள். கரண்ட் இருக்கும்போது ஒருநாளும் இதைச் செய்யக்கூடாது.

முனையைக் கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் பற்றரி. ஐந்து ரூபாய்க் குற்றியைவிடச் சற்றுக் குறைந்த அளவில் வெள்ளியாகப் பளபளக்கும், சிஆர்2032 என்று மேலே பொறித்திருக்கும், 3 வோல்ட். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் காட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும், ஆகவே காட்டைக் கழற்ற வேண்டிவரலாம். ஓரத்தில் இருக்கிற கொளுவியை நகத்தால் தள்ளினால் பற்றரி தானாகத் துள்ளும். ஒரு பத்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி திரும்பப் பூட்டுங்கள். ஐந்தாறு வருடப் பழைய பலகை என்றால் இந்தச் சாட்டோடு புதுப் பற்றரி போட்டுவிடுங்கள். பழைய பற்றரி இறங்கியிருந்தால் வயரைக் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் செற்றிங் அழிந்துபோகும், நீங்கள் ஓவர்குளொக்கில் பிழை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அழித்த பிறகும் எழும்பவில்லையென்றால் ரேம் எல்லாவற்றையும் கழற்றி ஒரே ஒரு குச்சியைப் புரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவது சிலொட்டில் போடுங்கள், எழும்புகிறதா பாருங்கள், இல்லையென்றால் மற்றக் குச்சி. பூட்டுவதற்கு முன் ரேமின் பொன்னிறப் பல்வரிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் கடற்காற்று, குருநகர், நாவாந்துறை போலக் கரையோரம் இருக்கிற வீடுகளில் இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பற்கள் மங்கிக் கறுத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். ஐசோபுரொப்பைல் அல்ககோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிட்டாலே சில செத்த கொம்பியூட்டர்கள் எழும்பிவிடும். அப்புறம் புரொசெசருக்கு மேலே போகிற எட்டு முனை வயர் வடிவாக இறுகியிருக்கிறதா என்று அமத்திப் பாருங்கள், கை பட்டு அரைவாசி கழன்றிருக்கும்.

எழும்பிய பிறகு வருகிற பிரச்சினை

சிமோஸ் அழித்தால் உங்கள் ஓவர்குளொக் மட்டும் போவதில்லை, எல்லாச் செற்றிங்கும் பழைய நிலைக்குப் போகும். சிலருக்கு இதற்குப் பிறகுதான் விண்டோஸ் எழும்பாமல் போய், இப்ப ஹாட்டிஸ்க்கும் போயிட்டுது என்று தலையில் கைவைக்கிறார்கள். டிஸ்க் போகவில்லை. முன்பு ரெய்ட் அல்லது விஎம்டி என்ற டிஸ்க் இணைப்பு முறையில் விண்டோஸ் போட்டிருந்து இப்போது ஏஹெச்சிஐ ஆக மாறியிருந்தால், அல்லது மறுவளமாக இருந்தால், இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ் என்று நீலத்திரை வரும். பழைய முறையில் போட்ட விண்டோஸ் என்றால் அந்த முறையில் எழும்பவிடுகிற சிஎஸ்எம் என்கிற செற்றிங் அணைந்திருக்கும், டிஸ்க்கையே காட்டாமல் திரும்பத் திரும்பப் பயோஸுக்குள் கொண்டுபோய் விடும். பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டவர்களிடம் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். இது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஓவர்குளொக்கில் இறங்கவே கூடாது. நாள் தேதியும் பழைய வருடத்துக்குப் போயிருக்கும், அதைத் திருத்தும்வரை பாதி வெப்சைற்றுகள் பாதுகாப்பில்லை என்று திறக்காது. இதற்கெல்லாம் ஒரே வழி, தொடங்குவதற்கு முன் பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைப்பது. பத்துப் படம், இரண்டு நிமிட வேலை.

விண்டோஸ்வரை வந்து நிற்பது

திரை வருகிறது, பலகையின் சின்னம் வருகிறது, விண்டோஸின் வட்டம் சுழலத் தொடங்கி அப்படியே உறைந்துவிடுகிறது அல்லது நீலத்திரை. இது வேறு வகை. வேகம் கிட்டத்தட்டச் சரி, வோல்டேஜ் ஒரு துளி காணாது என்று அர்த்தம். நீலத்திரையின் எழுத்தை வாசியுங்கள். வீயா அன்கரெக்டபிள் எரர், அதாவது 124 என்று முடிகிற குறியீடும், குளொக் வாச்டொக் டைம்அவுட், 101 என்று முடிகிறதும் ஓவர்குளொக் செய்த கொம்பியூட்டரில் பெரும்பாலும் கோர் வோல்டேஜைக் காட்டும். 0.01 வோல்ட் கூட்டிப் பாருங்கள், அல்லது வேகத்தில் 100 மெகாஹேர்ட்ஸ் குறையுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை வந்தால், ஒருநாள் மெமரி மனேஜ்மென்ட், மறுநாள் வேறொன்று, ரேமைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பியில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் போட்டு ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள், ஒரு பிழை வந்தாலும் பிழைதான்.

டெஸ்க்டொப் வருகிறது, ஆனால் கேம் தொடங்கியதும் ரீஸ்டாட் ஆகிறது என்றால், சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்குகிறது. அந்த இறக்கத்தைச் சமாளிக்கிற லோட் லைன் கலிப்ரேஷன் என்ற செற்றிங்கை நடு அளவில் வையுங்கள். உச்சத்துக்கு ஏற்றவேண்டாம், சுமை இறங்குகிற கணத்தில் வோல்டேஜ் துள்ளி மேலே போகும். விலை குறைந்த பலகைகளில் புரொசெசருக்குப் பக்கத்து மொஸ்ஃபெட்டுகளுக்கு (அதற்கு வோல்டேஜ் கொடுக்கிற சில்லுகள்) ஹீட்சிங்க் இருக்காது, அவை சூடேறியும் இப்படி நடக்கும்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் ஆளை அலைக்கழிப்பது. இரவு நாலு மணித்தியாலம் பிழையில்லாமல் ஓடியது காலையில் சுவிச் போட்டால் எழும்பாது, இரண்டாம் தரம் அமத்தினால் எழும்பும். இதைக் கோல்ட் பூட் பிரச்சினை என்பார்கள், ஆனால் மார்கழிக் குளிருக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை, கரண்ட் முழுதாக நின்று திரும்ப வருவதைத்தான் அப்படிச் சொல்வது. ரேம் ட்ரெய்னிங் ஒவ்வொரு தடவையும் ஒரே முடிவுக்கு வருவதில்லை, விளிம்பில் ஓடுகிற ரேம் ஒருநாள் தேறும், ஒருநாள் தேறாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் நின்ற நாட்களில் என் கொம்பியூட்டர் இதைத்தான் செய்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் எழும்புமா எழும்பாதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். ரேம் வேகத்தை 3733இல் இருந்து 3600க்கு இறக்கினேன், அதோடு நின்றது. அந்த 133இல் நான் இழந்தது ஒன்றுமில்லை. ஏஎம்5 பலகைக்காரர்கள் முந்தைய ட்ரெய்னிங் முடிவையே திரும்பப் பாவிக்கிற மெமரி கொன்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்ற செற்றிங்கை ஒருக்கா அணைத்துப் பாருங்கள், எழும்ப நேரம் எடுக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பழகும்.

திரும்ப ஏறுவது

எல்லாம் பழைய நிலையில் ஒருநாள் முழுக்க ஓடட்டும். பழைய நிலையில் ஓடும்போதே இடையில் நின்றுபோகிறதென்றால் பிழை உங்கள் ஓவர்குளொக்கில் இல்லை. இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை கோர் ஐ7, ஐ9 வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: புரொசெசருக்குள் ஓடுகிற மைக்ரோகோடில் இருந்த பிழையால் வோல்டேஜ் கூடிப்போய்ச் சில்லுகள் தேய்ந்துபோவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயோஸ் அப்டேற் மூலம் திருத்தம் கொடுத்து, வொரன்ரியையும் இரண்டு வருடம் நீட்டியது. அப்டேற்றைப் பழைய நிலையில், யூபிஎஸ்ஸில் பூட்டிக்கொண்டு செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் பலகையே போய்விடும்.

பிறகு ஒரு நேரத்தில் ஒன்று. முதலில் ரேமை அப்படியே விட்டுக் கோர் வேகத்தை மட்டும் நூறு நூறாகக் கூட்டுங்கள். நின்றால் வோல்டேஜில் 0.01 அல்லது 0.02. ரைசன் 3000, 5000 வரிசையில் எல்லாக் கோருக்கும் நிலையாகக் கொடுக்கிற வோல்டேஜில் நான் 1.3க்கு மேல் போவதில்லை. ஏஎம்5இல் எஸ்ஓசி (புரொசெசரில் மெமரி கொன்ட்ரோலர் இருக்கிற பகுதி) வோல்டேஜுக்கு 1.3 என்பது ஏஎம்டி 2023இல் போட்ட எல்லை, சில சில்லுகள் எரிந்த பிறகு போட்டது, அதைத் தாண்டவே வேண்டாம். கோர் தேறிய பிறகு அதை இறக்கிவிட்டு ரேமைத் தனியாக ஏற்றிச் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியே தேறினால் சேர்த்துப் போடுங்கள். நேரம் எடுக்கும். ஆனால் நிற்கும்போது எது காரணம் என்று தெரியும்.

ஒரு அப்பியாசக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், மல்டிபிளையர், வோல்டேஜ், ரேம் வேகம், புரொசெசர் சூடு, என்ன நடந்தது. போனில் எழுதினால் தேடிப் பிடிக்க முடியாது. நேரத்தையும் எழுதச் சொல்வது ஏனென்றால் சித்திரை வெக்கையில் பின்னேரம் இரண்டு மணிக்கு அறை 33, 34 பாகையில் இருக்கும். மார்கழி இரவில் 4.6 கிகாஹேர்ட்ஸில் தேறியது அந்த வெக்கையில் 4.5இலும் தடுமாறும். ஆகவே கடைசிச் சோதனையை மத்தியானத்தில், ஜன்னல் சாத்தி வைத்து, பிரைம்95 அல்லது சினிபெஞ்ச் என்ற சுமைச் சோதனை மென்பொருளை அரை மணித்தியாலம் ஓடவிட்டுச் செய்யுங்கள். மாலையில் எல்லா வீட்டிலும் லைற் போடுகிற நேரம் வோல்டேஜ் இறங்குகிற ஒழுங்கைகளில், பின்பக்கம் 115, 230 என்று சிவப்புச் சுவிச் உள்ள பழைய பவர் சப்ளைகள் தாங்காது. அதை வைத்துக்கொண்டு ஓவர்குளொக் செய்வதைவிட முதலில் அதை மாற்றுவது நல்லது.

பல தடவை நீலத்திரை வந்து நின்ற கொம்பியூட்டரில் விண்டோஸ் கோப்புகளும் கெட்டிருக்கும், பிழையான ரேம் பிழையானதையே டிஸ்க்கில் எழுதும். பழைய நிலைக்கு இறங்கி நின்றுகொண்டு டிஸ்க் சோதனையும் சிஸ்டம் ஃபைல் செக்கரும் ஒருக்கா ஓடவிடுங்கள். வீட்டுக் கலியாணப் படங்கள், பிள்ளைகளின் படிப்பு வேலைகள் இருக்கிற டிஸ்க் என்றால் இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே வேறொன்றில் பிரதி எடுத்துவிடுங்கள்.

மருமகனுக்கு அன்று இரவு சிமோஸ் அழிக்கப் போனில் சொல்லிக்கொடுத்தேன், எழும்பியது. அடுத்த சனிக்கிழமை போய் நாலு குச்சியையும் 3200இல் நிறுத்தி, கோரை மட்டும் 4.5க்கு ஏற்றிவிட்டு வந்தேன். தேறிய செற்றிங்கைப் பயோஸிலேயே ஒரு புரொஃபைலாகவும், ஒரு யூஎஸ்பியிலும் சேமித்தோம். அந்த யூஎஸ்பியைப் பெட்டியின் உள்பக்கச் சுவரில் ரேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் மூடியைப் பூட்டினான்.